திருவல்லிக்கேணியில் மூன்று வேளை: மெஸ்ஸா, கையேந்தி பவனா, ஆப்பா?

அக்கா மகன் சென்னைக்கு வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. அண்ணா சாலையில் வேலை, திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்கிற ஆண்கள் விடுதியில் அறை. போன வாரம் போன் செய்தான். "மாமா, சாப்பாட்டுக்கே பத்தாயிரத்துச் சில்லறை போயிருக்கு. நான் ஒண்ணும் பெருசா திங்கலையே!" குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். திருநெல்வேலியில் வீட்டுச் சாப்பாட்டோடு வளர்ந்தவன். சாப்பாட்டுக்கு விலை உண்டு என்பதே அவனுக்குப் புதுச் செய்தி.

அதே பேட்டையில் ஆறு வருஷம் மேன்ஷன் வாசம் செய்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை போய் அவன் கட்டிலில் உட்கார்ந்து, போனில் பணம் போன வரிசையைத் திறக்கச் சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டில் காலை, மதியம், இரவு என்று மூன்று பத்தி போட்டு ஒவ்வொன்றாக எழுதினோம். காலைக்கு சராசரியாக 45 ரூபாய். மதியத்துக்கு 110. இரவுக்கு 190. கூட்டினால் ஒரு நாளைக்கு 345, முப்பது நாளுக்கு 10,350. அவன் சொன்ன கணக்கு சரிதான்.

உடனே பையன் கேட்ட கேள்வி: "அப்ப மதியம் மெஸ்ஸ விட்டுட்டு ஏதாவது சாதப் பொட்டலம் வாங்கிக்கிடட்டுமா?" எல்லாருக்கும் முதலில் கை போகிற இடம் இதுதான். மதியச் சாப்பாடு கண்ணுக்குத் தெரிகிற செலவு. கல்லாவில் நூறு ரூபாய்த் தாளாகக் கொடுப்பது. இரவில் போவது தெரியாது, கட்டைவிரல் வைத்தால் முடிந்தது. என் கட்சி என்னவென்றால், மதியத்தில் கை வைக்காதே, இரவைப் பிடி. எந்தக் கடை மலிவு என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வேளைக்கு எந்தக் கடை என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். மூன்று வேளைக்கும் ஒரே இடம் என்று யார் சொன்னாலும் நம்பாதே என்று அவனிடம் சொன்னேன்.

மதியத்திலிருந்தே தொடங்குகிறேன். மெஸ் என்ற சொல்லுக்குச் சென்னையில் ஒரு தனி அர்த்தம் உண்டு. போர்டில் நாலே ஐட்டம், சுவரில் சாமி படம், ஓரமாக மடக்கு நாற்காலிகள், மூன்று மணிக்கு ஷட்டர் பாதி இறங்கிவிடும். திருவல்லிக்கேணியில் காசி விநாயகா மெஸ் மாதிரி டோக்கன் கொடுத்துக் காத்திருக்க வைக்கிற இடங்களும் உண்டு, டோக்கன் கீக்கன் இல்லாமல் பின்கட்டில் இரண்டு பெஞ்சு போட்டு நடத்துகிற இடங்களும் உண்டு. மேன்ஷன்களில் தங்கும் ஆண்களை நம்பியே தலைமுறையாக ஓடுபவை. தினமும் வருகிற அதே முகங்களுக்குத்தான் சமைக்கிறார்கள். ஒருநாள் ஏமாற்றினால் மறுநாள் பக்கத்துச் சந்துக்குப் போய்விடுவான் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. பெரிய ரோட்டில், பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற ஓட்டலுக்கு அந்தப் பயம் கிடையாது. அங்கே வருகிறவன் திரும்பி வரப்போவதில்லை.

இதில் சைவ மெஸ்ஸா அசைவ மெஸ்ஸா என்பது அடுத்த கேள்வி. மீன், கறி சாப்பிடுபவராக இருந்தால் கணக்கு சுவாரசியமாகும். அசைவ மெஸ்ஸில் வெறும் சாப்பாடு என்று சொல்லி உட்கார்ந்தாலே போதும், மீன் குழம்பு, சிக்கன் குழம்பு, சில நாள் கருவாட்டுக் குழம்பு எல்லாம் வாளியில் வரும். குழம்புக்குக் காசு இல்லை, பீஸுக்குத்தான் காசு. சாதம் வைத்துக் குழம்பு ஊற்றியதும் ஒரு சப்ளையர் பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். சுக்கா, ஈரல், வஞ்சிரம் வறுவல், நண்டு என்று சின்னச் சின்னத் தட்டுகளில் அடுக்கியிருக்கும். மேலே கறிவேப்பிலை, வெங்காயம். விலை சொல்லமாட்டார். "என்ன வைக்கட்டும் தம்பி?" என்றுதான் கேட்பார். 110 ரூபாய்ச் சாப்பாடு 290 ஆவது இந்த இடத்தில்தான். தட்டைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு "ஒரு ஆம்லெட் மட்டும்" என்று சொல்லப் பழக எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அசைவ மெஸ் பற்றிய பேச்சில் ஒரு சின்னக் கிளைக்கதை. தமிழ்நாடு முழுக்க முனியாண்டி விலாஸ் என்று போர்டு பார்க்கிறோமே, அவற்றின் வேர் மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி என்ற ஊர். அந்த ஊர் முனியாண்டி சாமி பேரில் கடை திறந்தவர்கள் ஆண்டுதோறும் ஊருக்குத் திரும்பிப் போய்க் கோயில் திருவிழாவில் அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து வருகிறவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். ஒரு மீல்ஸ் கணக்கில் சேர்க்க முடியாத தகவல்தான், ஆனால் மதுரைப் பக்கம் போகிறவர்கள் தேதி விசாரித்துக்கொள்ளலாம்.

நல்ல மெஸ் எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சொந்தச் சோதனை உண்டு: ரசம். சாம்பாரில் காய் இல்லையென்றால் தெரிந்துவிடும், கூட்டில் தேங்காய் குறைந்தால் தெரிந்துவிடும். ரசத்தை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை. வெந்நீரில் புளியையும் பொடியையும் கரைத்துவிட்டாலும் இரண்டாம் சோறுக்குப் போய்விடும். அப்படி யாரும் கவனிக்காத இடத்தில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால் அந்த அடுக்களையில் மற்றதும் ஒழுங்காக இருக்கும். என் அனுபவத்தில் இது பொய்த்தது இரண்டு முறைதான். இரண்டு முறையும் மோரில் மாட்டினேன்.

நேரமும் முக்கியம். ஒரே மெஸ்ஸுக்கு 12:30-க்குப் போவதும் 2:45-க்குப் போவதும் இரண்டு வேறு கடைகளுக்குப் போவது மாதிரி. முன்னதில் பொரியல் சூடாக இருக்கும், கேட்டால் இன்னொரு கரண்டியும் வரும். பின்னதில் பொரியல் தீர்ந்து, அந்த இடத்தில் இன்னொரு அப்பளம் வரும். பையனின் ஆபீஸில் ஒரு மணிக்குத்தான் விடுவார்கள். அப்போதுதான் மொத்த அண்ணா சாலையும் பசியோடு இறங்கும். பன்னிரண்டரைக்கே எழுந்துவிட முடியுமா என்று மேனேஜரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டான், கிடைத்தது. காசு செலவில்லாமல் சாப்பாட்டின் தரத்தை உயர்த்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மெஸ்ஸுக்கு மாற்றாக அவன் கேட்ட சாதப் பொட்டலம் என்ன கதி? மதியம் பன்னிரண்டு மணிக்கு ரோட்டோரம் ஒரு காரின் டிக்கியைத் திறந்து வைத்து ஹாட்பாக்ஸில் லெமன், புளி, தக்காளி, தயிர் சாதம் விற்கிறார்களே, அதுதான். 40, 50 ரூபாய்க்கு வயிறு நிறையும். அவற்றில் வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் தம்பதிகள் நிறைய; ருசியில் பல ஓட்டல்களை மிஞ்சும். ஆனால் எல்லாமே சோறு. காய் என்று பெயருக்கு ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. வாரத்தில் இரண்டு நாள் சரி, ஐந்து நாளும் என்றால் நாலு மணிக்கெல்லாம் தூக்கமும் பசியும் சேர்ந்து வரும். அப்புறம் பஜ்ஜிக்கும் டீக்கும் 40 ரூபாய் போகும். மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும்.

காலைக்கும் மதியத்துக்கும் அம்மா உணவகத்தை ஏன் யாரும் நினைப்பதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கியது. 200 வார்டுகள், வார்டுக்கு இரண்டு என்ற கணக்கு. அரசு மருத்துவமனை வளாகங்களிலும் உண்டு. நடத்துவது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, ராத்திரி இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். அன்று போட்ட அதே விலை. நாலு இட்லி 4 ரூபாய் என்பதை ஊரிலிருந்து வந்தவர்கள் நம்பவே மாட்டார்கள். நட்டத்தை மாநகராட்சி தாங்குகிறது, அவ்வளவுதான் ரகசியம்.

பையன் முதலில் நெளிந்தான். "அது கஷ்டப்படுறவங்களுக்குல்லா மாமா?" நாமும் வரி கட்டுகிறோம், கியூவில் நிற்கிறோம், அங்கே யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை என்றேன். ஆட்டோ ஓட்டுபவர், டெலிவரி பையன், சட்டையை இன் பண்ணிய மெடிக்கல் ரெப் எல்லாரும் ஒரே உயர மேஜையில் நின்றுகொண்டு சாப்பிடுவார்கள். குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, பார்சல் கிடையாது. கடைக்குக் கடை கைப்பக்குவம் மாறும். ஒரு வார்டில் சாம்பார் மணக்கும், அடுத்த வார்டில் தண்ணியாக ஓடும். அதனால் ஒரு கடையில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு மொத்தத் திட்டத்துக்கும் மார்க் போடக் கூடாது. இன்னொன்று, நேரம் போனால் இட்லி தீர்ந்துவிடும். ஒன்பதரைக்கு எழுந்து போகிறவனுக்கு அது உதவாது. என் யோசனை: காலையில் அங்கே நாலு இட்லி, வரும் வழியில் டீக்கடையில் இரண்டு அவித்த முட்டை, ஒரு டீ. 35 ரூபாய்க்குள் முடியும், மதியம் வரை தாங்கும். வெயில் காலத்தில் மதியம் பசி எடுக்காத நாளில் அந்த 3 ரூபாய்த் தயிர் சாதத்துக்கு நிகரில்லை.

ரத்னா கஃபே சாம்பார் இட்லி என்று பையன் கேட்டான். 1948-லிருந்து அதே திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கிறது. இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றித் தருவார்கள். போ, ஆனால் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை போ. அது தினக் கணக்கில் வராது.

இனி இரவு. அவன் செய்துகொண்டிருந்தது இது: எட்டரைக்கு அறைக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, கட்டிலில் சாய்ந்து, போனில் சாப்பாடு டெலிவரி ஆப்பைத் திறப்பது. சாய்ந்தவன் மறுபடி மூன்று மாடி இறங்குவானா? மாட்டான். நான் போனபோது இருந்த கடைசி பில்லை எடுத்தோம். மூன்று பரோட்டா, ஒரு ஆம்லெட். ஆப்பில் போட்ட விலை 140. பேக்கிங் 15. டெலிவரி 32. பிளாட்பாரம் கட்டணம் 12. வரிகள் 10. மொத்தம் 209. இந்தப் பிளாட்பாரம் கட்டணம் என்கிற சமாச்சாரம் 2023-ல் இரண்டு பெரிய ஆப்களிலும் 2 ரூபாயாக எட்டிப் பார்த்தது, பிறகு ஏறிக்கொண்டே வந்தது. ஒன்றிரண்டு ரூபாய்க்கு யார் சண்டை போடுவது என்று எல்லாரும் விட்டுவிட்டோம்.

சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அவன் மேன்ஷனிலிருந்து ஆறு நிமிஷ நடையில் உள்ள பரோட்டாக் கடை. இருவரும் எழுந்து நடந்தோம். போர்டில் பரோட்டா 20, ஆம்லெட் 25. அதாவது 85 ரூபாய். மாஸ்டர் கல்லில் பரோட்டாவைப் போட்டு இரண்டு கையாலும் அடித்து உதறுவதைப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா, ரூமுக்கு வரப்ப இது ரப்பர் மாதிரி இருக்கும்" என்றான். டப்பாவுக்குள் ஆவியில் வெந்துபோனால் பரோட்டா அப்படித்தான் ஆகும். 124 ரூபாய் கூடக் கொடுத்து ஆறிப்போனதைத் தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

இருந்தாலும் தினமும் பரோட்டா என்று யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். இரவுக்கு என் ஓட்டு கையேந்தி பவனுக்கு. ஆறு மணிக்கு மேல் முக்கில் வந்து நிற்கும் தள்ளுவண்டி. இட்லி, கல் தோசை, ஊத்தப்பம், சில வண்டிகளில் இடியாப்பம். இரண்டு இட்லி, இரண்டு கல் தோசை, 60, 70 ரூபாய். கண்ணெதிரே ஊற்றி, கண்ணெதிரே எடுத்து, சுடச்சுடத் தட்டில் போடுவதில் கெட்டுப்போவதற்கு அதிகம் இல்லை. பயமெல்லாம் தோசையின் மேல் அல்ல, மூன்று விஷயங்களின் மேல்தான்.

முதலாவது தட்டு. ஒரே வாளித் தண்ணீரில் இரவு முழுக்கத் தட்டை முக்கி எடுக்கிற வண்டி வேண்டாம். தட்டின் மேல் இலை போடுகிறார்களா என்று பார். பல இடங்களில் பிளாஸ்டிக் தாள் விரித்து அதன் மேல் கொதிக்கும் சாம்பாரை ஊற்றுகிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் இந்தத் தாளும் ஒன்று. தடை இருப்பது வண்டிக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வாழை இலைத் துண்டு போடுகிற வண்டி கிடைத்தால் இரண்டு ரூபாய் கூட என்றாலும் அங்கேயே நில். இரண்டாவது தேங்காய்ச் சட்னி. சாயங்காலம் நாலு மணிக்கு அரைத்த சட்னி, சித்திரை வெயிலில், ராத்திரி ஒன்பதரைக்கு எப்படி இருக்கும்? எட்டு மணிக்கு மேல் போனால் சாம்பாரும் காரச் சட்னியும் போதும் என்று சொல்லிவிடு. அவை கொதித்தவை, வதக்கியவை. மூன்றாவது எண்ணெய். சிக்கன் பக்கோடா போடுகிற வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் இருந்தால் தள்ளி நட. பழைய எண்ணெய்க்கு அரசு அளவுகோல் வைத்திருக்கிறது, ஆனால் அதை அளக்கும் கருவி நம் பையில் இல்லை. கண்ணும் மூக்கும்தான்.

வீட்டில் சமைத்து கேரியரில் அனுப்புகிறவர்கள் என்று ஒரு வழியும் உண்டு. மேன்ஷன் வாட்ச்மேனிடம் கேட்டால் இரண்டு மூன்று பேரைச் சொல்வார். ருசிக்கும் உடம்புக்கும் அதுதான் முதலிடம். வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று: மாத அட்வான்ஸ் கொடுக்காதே. இது என் பழைய காயம். பேர் சொல்ல விரும்பாத ஒரு மெஸ்ஸில் 30 சாப்பாட்டுக்கு அட்டை வாங்கினேன், பத்து சதவீதம் தள்ளுபடி என்றார்கள். பத்தொன்பதாவது நாள் போனபோது பூட்டுத் தொங்கியது. பக்கத்துச் சலவைக்கடைக்காரர், "அவங்க காலி பண்ணி மூணு நாளாச்சே" என்றார். மிச்சத் துளைகள் குத்தாத அந்த அட்டை ரொம்ப நாள் என் டிராயரில் கிடந்தது. வாரக் கணக்கு போதும். ஊருக்குப் போகிற நாள்களைக் கழித்துக்கொள்வார்களா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடு.

அறையில் சமைக்கலாமே என்று அக்கா போனில் கேட்டாள். மேன்ஷனில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இந்தக் கடைகளைத் தேடுவது எப்படி? போனில் நட்சத்திரம் பார்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நாலு நட்சத்திரம் வாங்காத கடையே சென்னையில் கிடையாது. ஆனால் அங்கே மக்கள் போடுகிற படங்களில் விலைப் பலகை இருக்கும். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எடுத்ததாகப் பார்த்தால் விலை தெரிந்துவிடும். மற்றபடி ஆட்டோ ஸ்டாண்டில் கேட்பதைவிட வங்கி செக்யூரிட்டி, தபால்காரர், ஜெராக்ஸ் கடைப் பையன் என்று ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்களைக் கேட்பது நல்லது. ஆட்டோக்காரர் ஊரெல்லாம் சாப்பிடுவார். இவர்கள் தினமும் அதே நானூறு மீட்டருக்குள் சாப்பிட்டாக வேண்டும். கேட்கும்போதும் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால் பெரிய ஓட்டலைத்தான் காட்டுவார்கள். "நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேள். பதில் மாறும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. திருவல்லிக்கேணி மெஸ்களில் பாதி, ஆண்கள் கூட்டத்துக்கென்றே வளர்ந்தவை. ராத்திரி ஒன்பதரைக்குத் தள்ளுவண்டி முன் தனியாக நிற்பது எல்லா முக்கிலும் சரிப்படாது. என் தோழி ஒருத்தி மேற்கு மாம்பலத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது, மதியம் ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸிலேயே ராத்திரிக்குச் சப்பாத்திக்குச் சொல்லி வைத்து, வரும்போது வாங்கிக்கொண்டு வருவாள். ஆப்பைவிட அது பாதி விலை. விடுதி வாடகையில் சாப்பாடும் அடக்கமென்றால், அதைத் தின்ன முடிகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பையனின் புதுக் கணக்கு: காலை 35, மதியம் அதே 110, இரவு 65. ஒரு நாளைக்கு 210, மாதம் 6,300. ஞாயிறு பிரியாணிக்கு மாதம் 800 தனியாக ஒதுக்கினோம். அப்படியும் மூவாயிரத்துக்கு மேல் மிச்சம், மதியச் சாப்பாட்டில் ஒரு பருக்கை குறையாமல். இதற்கு அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சாப்பிட்டுவிட்டுத்தான் அறைக்குப் போக வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டால் கதை முடிந்தது.

நாலாம் நாள் ராத்திரி படம் அனுப்பியிருந்தான். இலைத்துண்டு மேல் இரண்டு கல் தோசை, ஓரத்தில் காரச் சட்னி. "இலை போடுதாங்க மாமா." நல்லது என்று பதில் போட்டேன். நேற்று மறுபடி போன். "மாமா, செம மழை, வண்டியே வரலை, ஆப்ல வேற மழைக்குன்னு தனியா காசு கேக்கான்." அதை நான் யோசிக்கவே இல்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் கையேந்தி பவன்கள் பாதி நாள் இருக்காது. அம்மா உணவகமும் அந்நேரத்துக்கு மூடியிருக்கும். மேன்ஷன் கீழே இருக்கிற டீக்கடையில் பிரெட் ஆம்லெட் போடுவாரா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். போனை வைக்காமலே இறங்கிப் போய்க் கேட்டான். "அண்ணே, பிரெட் ஆம்லெட்?" அந்தப் பக்கம் கரண்டி தட்டும் சத்தம், மழைச் சத்தம், பிறகு யாரோ ஒருவர், "உக்காரு, ரெண்டு நிமிஷம்."